நிலமில்லாதவரைக் கேட்டீர்களா? வேளாண் தொழில்நுட்பத்தின் தாக்கத்தை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வயல், தோட்டம், மீன்குளம் என்று கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் என் பிழைப்பு. ஓர் ஊருக்குப் புது விதையோ இயந்திரமோ கைப்பேசிச் செயலியோ வந்த பிறகு அங்கே இருப்பவர்கள் வாழ்க்கை மாறியதா, எவ்வளவு மாறியது என்று கணக்குப் பார்க்கும் வேலை. சொந்தக்காரர்களிடம் சொன்னால் "ஓ, ஜனத்தொகை எடுக்கிறியா?" என்பார்கள். சனிக்கிழமை மாலைகளில், கணக்கெடுப்புக்கு உதவிக்கு வரும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு சிறு வகுப்பு நடத்துகிறேன். அங்கேயும், வகுப்பு முடிந்து ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும்போதும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

விளைச்சல் கூடியதா இல்லையா என்று பார்த்தால் போதாதா? இதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

போதாது. பிள்ளைக்குக் காய்ச்சல், பாட்டி மந்திரித்த கயிறு கட்டினார், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கயிற்றால் விட்டதா, மூன்று நாள் ஆனதால் விட்டதா? நம் தொழிலில் முக்கால்வாசிச் சண்டை இதுதான்.

ஒரு கம்பத்தில், அதாவது கிராமத்தில், புது நெல் விதை கொடுத்தார்கள், அந்தப் பருவம் ஏக்கருக்கு நாலு மூட்டை கூடக் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். மழை சரியான நேரத்தில் பெய்திருக்கலாம். புகையான் பூச்சி அந்த வருடம் வராமல் போயிருக்கலாம். மானிய உரம் வழக்கம்போலத் தாமதமாகாமல் வந்திருக்கலாம். நமக்கு வேண்டிய வித்தியாசம் போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் இடையிலானது இல்லை. அதே ஆட்களுக்கு அதே பருவத்தில் விதை வராமலே இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும், இப்போது என்ன கிடைத்தது என்ற வித்தியாசம். அந்த 'வராமலே இருந்திருந்தால்' நிலையை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. அதை நேர்மையாக ஊகிப்பதுதான் மொத்த வித்தையும்.

அப்படியென்றால் விதை வாங்கியவரையும் வாங்காத பக்கத்து வயல்காரரையும் ஒப்பிட்டால் தீர்ந்ததே?

தீராது. புதியதை முதலில் எடுப்பவர் யார்? பெரும்பாலும் நல்ல நிலம் உள்ளவர், கையில் காசு உள்ளவர், விடிவதற்குள் வரப்பில் நிற்பவர். அவர் பழைய விதையைப் போட்டிருந்தாலும் பக்கத்து ஆளைவிட அதிகம்தான் அறுத்திருப்பார்.

இதற்கு நல்ல பாடம் மடகாஸ்கரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்றும் செம்மை நெல் சாகுபடி என்றும் சொல்கிற முறை அங்கேதான் 1980களில் ஒரு பாதிரியார் கையில் உருவானது. இளம் நாற்றை ஒற்றையாக, நிறைய இடைவெளி விட்டு நட்டு, தண்ணீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிர் செய்வது. விளைச்சல் இரட்டிப்பு, மும்மடங்கு என்றெல்லாம் பேச்சு. பொருளியலாளர் கிறிஸ்டோபர் பாரெட்டும் கூட்டாளிகளும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரே விவசாயி ஒரு வயலில் புது முறையும் இன்னொரு வயலில் பழைய முறையும் செய்தால், அந்த இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஆள் ஒருவரே என்பதால் ஆளின் திறமை கணக்கிலிருந்து கழன்றுவிடும். முடிவு என்ன? முறை நல்லதுதான், விளைச்சல் நன்றாகவே கூடுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த உயர்வில் ஏறத்தாழப் பாதி முறையால் வந்ததல்ல, அதைச் செய்த ஆளால் வந்தது. இன்னொன்றும் தெரிந்தது: விளைச்சல் ஒரு பருவம் ஏறி ஒரு பருவம் இறங்கும் ஆபத்தும் கூடவே வருகிறது. ஒரு பருவம் தவறினால் சாப்பாட்டுக்கே திண்டாடும் குடும்பம் அதற்குத் தயங்கினால் அது அறியாமை இல்லை.

குலுக்கல் போட்டுச் சிலருக்குக் கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் விடுகிறார்களாமே? அது அநியாயம் இல்லையா?

ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கோபமாகக் கேட்பார்கள். கோபம் நியாயமானது. என் பதிலும் ஒரே சொல்லில் வராது.

கொடுக்க எல்லாருக்கும் போதுமான அளவு இருந்து, பயனும் உறுதியாகத் தெரிந்திருந்தால், சிலரை விட்டுவைப்பது அநியாயம்தான். ஆனால் பெரும்பாலும் விதை கொஞ்சம்தான் இருக்கும், பயன் தருமா என்பதும் தெரியாது. அப்போது யாருக்கு முதலில் என்பதைக் கம்பத்துத் தலைவர் தீர்மானிப்பதைவிடக் குலுக்கல் சீட்டு தீர்மானிப்பது எனக்கு நேர்மையாகப் படுகிறது. தலைவரின் மருமகன் பெயர் எப்போதும் பட்டியலில் முதலில் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

குலுக்கலின் பலன் இதுதான்: சீட்டு விழுந்த ஊரும் விழாத ஊரும் சராசரியில் ஒரே மாதிரி. உழைப்பாளி, சோம்பேறி, மேட்டு நிலம், பள்ள நிலம் எல்லாம் இரண்டு பக்கமும் கலந்திருக்கும். பிறகு வரும் வித்தியாசத்தை விதையின் மேல் போடலாம்.

இதற்கு நான் சொல்லும் உதாரணம் ஒடிசாவின் வெள்ளநெல். அதன் கதை நம் பக்கத்து வயல் வழியாகவும் போவதால் கொஞ்சம் சுற்றிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1950களில் ஐக்கிய நாட்டு உணவு வேளாண்மை அமைப்பின் திட்டத்தில் ஒடிசாவின் கட்டாக்கில் ஆசிய நாட்டு நெல் ரகங்களை ஜப்பானிய வகைகளோடு ஒட்டுச் சேர்த்தார்கள். மலாயாவின் மாயாங் எபோஸ் 80 ரகமும் தைவானின் தைச்சுங் 65 ரகமும் சேர்ந்த வழியில், இங்கே மலேசியாவில் தெரிவு செய்து 1965-ல் வெளிவந்த நெல்லுக்கு லங்காவித் தீவுக் கதையில் வரும் மசூரி என்ற பெண்ணின் பெயரை வைத்தார்கள். அந்த மசூரி இந்தியாவுக்குப் போனது. தமிழ்நாட்டில் அதன் வாரிசுக்குப் பொன்னி என்று பெயர் விழுந்தது. நம் வீட்டில் "இந்தியா பொன்னி" என்று காசு கூடக் கொடுத்து வாங்கும் அரிசி, மலேசிய நெல்லின் பேரப்பிள்ளைதான். ஆந்திராவில் மசூரியை இன்னொரு ரகத்தோடு சேர்த்து 1982-ல் சுவர்ணா வந்தது. கிழக்கிந்தியா முழுக்கப் பரவிய அந்த சுவர்ணாவுக்கு, ஒடிசாவின் பழைய நாட்டுநெல் ஒன்றில் இருந்த, தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் மரபணுவை ஊட்டி, சுவர்ணா சப்-1 என்று 2009-ல் வெளியிட்டார்கள். கட்டாக்கில் கிளம்பி, மலாயாவைச் சுற்றி, மறுபடி ஒடிசாவுக்கே.

அந்த விதையை ஒடிசாவில் 128 ஊர்களில் சோதித்தார்கள். குலுக்கலில் தேர்ந்த ஊர்களின் விவசாயிகளுக்கு ஆளுக்கு 5 கிலோ விதைப் பை. 2011-ல் நிஜமாகவே வெள்ளம் வந்தது. வயல் 10 நாள் மூழ்கிக் கிடந்தால் பழைய சுவர்ணாவைவிட ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல் விளைச்சல் என்று கணக்கிட்டார்கள். வெள்ளம் இல்லாவிட்டால் நஷ்டமும் இல்லை.

அதைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் பின்னால் வந்தன. ஒன்று: "மூழ்கினாலும் பயிர் போகாது" என்ற தைரியம் வந்ததும் ஆட்கள் உரம் கூடப் போட்டார்கள், கடன் வாங்கத் துணிந்தார்கள், கூடுதல் நிலத்தில் பயிர் வைத்தார்கள், விதைத் தெளிப்பை விட்டு நடவுக்கு மாறினார்கள். மொத்தப் பயனில் ஒரு பெரிய பங்கு விதைக்குள் இருந்து வரவில்லை. பயம் குறைந்ததால் வந்தது. ஆய்வுக்கூடத்தில் தொட்டியில் நெல்லை மூழ்கடித்துப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. இரண்டு: அடிக்கடி மூழ்கும் பள்ள நிலங்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர் கையில் இருந்தன. நல்ல மேட்டு நிலம் யாரிடம் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் இந்த விதையின் பயன் அவர்களுக்கே கூடுதலாகப் போய்ச் சேர வழியிருந்தது.

எல்லாவற்றுக்கும் குலுக்கல் போட முடியுமா?

முடியாது. அணைக்கட்டைக் குலுக்கல் போட்டுக் கட்டுவார்களா? சாலைக்கும் கைப்பேசிக் கோபுரத்துக்கும் அதே கதை.

அப்போது இயற்கையாக அமைந்த வரிசையைப் பயன்படுத்திக்கொள்வோம். 1997 முதல் 2001 வரை வட கேரளத்தில் கைப்பேசிச் சேவை மாவட்டம் மாவட்டமாக, கட்டம் கட்டமாக வந்தது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் அந்தக் கடற்கரைகளில் மத்தி மீன் விலையை வாராவாரம் எடுத்துக்கொண்டிருந்தார். கோபுரம் வரும் முன், ஒரு கரையில் மீனை வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டுவார்கள். சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மீன் கிடைக்காமல் விலை ஏறிக் கிடக்கும். கைப்பேசி வந்த பிறகு படகிலிருந்தே விலை விசாரித்து, எந்தக் கரையில் ஒதுங்குவது என்று முடிவு செய்தார்கள். கரைக்குக் கரை விலை வித்தியாசம் சுருங்கியது, வீணாவது நின்றது, மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது. கோபுரம் இன்னும் வராத மாவட்டத்தில் அதே காலத்தில் இந்த மாற்றம் இல்லை. அதுதான் சாட்சி.

விவசாயி தன் வாயாலேயே சொல்கிறாரே, அதை எழுதிக்கொண்டால் என்ன?

எழுதிக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்பதால் இல்லை.

பட்டர்வொர்த் இருக்கும் செபராங் பிறையிலும் பக்கத்துக் கெடா மாநிலத்திலும் நெல்காரர்கள் நிலத்தை ரெலோங்கில் சொல்வார்கள். ஒரு ரெலோங் 0.288 ஹெக்டேர், சுமாராக முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. என்னோடு முதல் வருடம் வந்த ஒரு தம்பி ரெலோங்கை ஏக்கர் கட்டத்தில் எழுதிக்கொண்டே போய்விட்டான். ஒரு கிராமம் முழுக்க விளைச்சல் பாதாளத்துக்குப் போயிருந்தது. அலுவலகத்தில் "புது ரகம் தோல்வி" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நல்லவேளை, ஒரு பாச்சிக், மலாய்ப் பெரியவர், வரப்பில் உட்கார்ந்து எங்களைத் திட்டித் திருத்தினார். உலகம் முழுக்கவே சின்ன நிலம் வைத்திருப்பவர் தன் நிலத்தைக் கொஞ்சம் பெரிதாகச் சொல்வதும், பெரிய நிலக்காரர் குறைத்துச் சொல்வதும் செயற்கைக்கோள் கருவியால் அளந்து பார்த்தபோது தெரிந்த விஷயம். விளைச்சலுக்கும் அப்படித்தான்: வயலில் ஒரு சதுரம் போட்டு அறுத்து எடை பார்ப்பதும், ஆள் நினைவிலிருந்து சொல்வதும் ஒத்துப்போவது அபூர்வம்.

ரகத்தின் பெயர் இன்னும் மோசம். "இது என்ன விதை?" என்றால் கடைக்காரர் சொன்ன பெயரையோ பையின் நிறத்தையோ சொல்வார்கள். இலையைக் கிள்ளி மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் பெயர் ஒன்று, பயிர் ஒன்றாக இருக்கும். நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. உலக மீன் மையத்தின் தலைமையகம் பினாங்கின் பத்து மாவுங்கில்தான் இருக்கிறது. 1988-ல் பிலிப்பைன்ஸில் அவர்கள் தொடங்கிய திலாப்பியா இன மேம்பாட்டில் ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளிலிருந்து பிடித்த காட்டு மீனையும் ஆசியாவில் வளர்த்த நான்கு கூட்டத்தையும் கலந்து, வேகமாக வளர்வதைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்தார்கள். கிஃப்ட் திலாப்பியா என்று பெயர். மலேசியாவில் அதன் மூலக்கூட்டம் கெடாவின் ஜித்ராவில் வளர்கிறது. இப்போது குளக்காரரிடம் கேளுங்கள், "எல்லாம் கிஃப்ட்தான்" என்பார். குஞ்சு எங்கே வாங்கியது என்றால், மச்சான் குளத்திலிருந்து. மச்சானுக்கு? தெரியாது. அந்தக் குளத்தைக் கிஃப்ட் கணக்கில் சேர்த்தால் அந்த இனத்துக்குக் கெட்ட பெயர். சேர்க்காவிட்டால் பரவல் குறைவு என்று முடிவு.

உகாண்டாவில் 2017-ல் வெளியான ஆய்வு ஒன்று கடைகளில் வாங்கிய உரத்தையும் வீரிய மக்காச்சோள விதையையும் சோதித்தது. உரத்தில் இருக்க வேண்டிய சத்தில் 30 சதவீதம் காணோம். விதையில் பாதிகூட அசல் இல்லை. இப்படிப்பட்ட சந்தையில் "வீரிய விதை பலன் தரவில்லை" என்று எழுதினால், எதைப் பற்றி எழுதுகிறோம்? வீரிய விதை அங்கே போடப்படவே இல்லையே.

நல்ல பொருள் என்றால் மக்கள் தாமாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

எடுப்பார்கள், மெதுவாக. முதலில் ஓரிருவர், பிறகு ஊரே, கடைசியில் நாலு பிடிவாதக்காரர்கள். இந்த வளைவை அமெரிக்க மக்காச்சோளத்தில் பொருளியலாளர் ஸ்வி கிரிலிச்சஸ் 1957-லேயே வரைந்து காட்டினார். லாபம் எங்கே அதிகமோ அங்கே வேகமும் அதிகம் என்றார். ஆனால் லாபம் தெரிந்தும் எடுக்காத ஊர்கள் உண்டு. மேற்கு கென்யாவில் உரம் போட்டால் லாபம் என்று விவசாயிகளுக்கே தெரியும். நடவு நேரத்தில் கையில் காசு இருக்காது, அவ்வளவுதான். அறுவடை முடிந்து பணம் புரளும் வாரத்திலேயே உரச் சீட்டை விற்று, வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம் என்றபோது வாங்குபவர் எண்ணிக்கை நன்றாகக் கூடியது. தீபாவளிச் சீட்டுக் கட்டும் நம் அம்மாக்களுக்கு இந்த நுட்பத்தை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

மூடா பாசனத் திட்டம் வெற்றி என்கிறார் ஒருவர், ஏழைகளை வஞ்சித்தது என்கிறார் இன்னொருவர். எது சரி?

இரண்டும் சரி. என்னை இந்தத் தொழிலில் பிடித்துவைத்ததே இந்தக் கேள்விதான்.

செபராங் பிறையின் வடக்கு எல்லையில் ஓடும் சுங்கை மூடாவைத் தாண்டினால் கெடா. அந்த ஆற்றின் பெயரில் 1966-ல் வேலை தொடங்கி, உலக வங்கிக் கடனோடு மூடா, பெடு அணைகள் எழுந்தன. 1970 முதல் ஏறத்தாழ 96,000 ஹெக்டேரில் வருடத்துக்கு ஒரு போகமாக இருந்த நெல் இரண்டு போகமானது. கிளைவ் பெல், பீட்டர் ஹேஸல், ரோஜர் ஸ்லேட் என்ற மூவர் அதை அளந்து 1982-ல் முடிவை வெளியிட்டார்கள். வயலோடு நிற்காமல் ஊரையும் சேர்த்து அளந்தது அவர்கள் பெருமை. நெல்லால் நேராக வந்த ஒவ்வொரு டாலருக்கும், கடைக்காரர், லாரிக்காரர், கொத்தனார், தையல்காரர் என்று சுற்றி இன்னும் 80 சென் வருமானம் பிறந்தது என்று கண்டார்கள். வயலை மட்டும் அளந்திருந்தால் பயனில் கிட்டத்தட்டப் பாதி கணக்கிலேயே வந்திருக்காது.

அதே சமவெளியில் 1978 முதல் 1980 வரை ஜேம்ஸ் ஸ்காட் என்ற ஆய்வாளர் ஒரே ஒரு கிராமத்தில் தங்கினார். அந்த ஊருக்குப் புனைபெயராக செடாக்கா என்று எழுதினார். அவர் போன நேரம் அறுவடை இயந்திரம் வந்திருந்த நேரம். 1980-க்குள் மூடா நெல்லில் ஏறத்தாழ 80 சதவீதத்தை இயந்திரமே அறுத்தது. இரண்டு போகத்தால் ஏழைக்குக் கூடிய கூலிநாள், இயந்திரத்தால் போனது. கதிர் அறுப்பதும் கையால் நெல் அடிப்பதும் போயின. கூலியோடு இன்னொன்றும் போனது: களத்தில் சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொண்டுபோகும் ஏழைப் பெண்களுக்கு இயந்திரம் எதையும் மிச்சம் வைக்கவில்லை. பொறுக்கிய நெல் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது. ஆனால் அந்த வீட்டில் சில வாரச் சோறு அது.

ஆக, சராசரி ஏறியது, இடைவெளியும் ஏறியது. இயந்திரம் ஏன் வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. அறுப்புக் காலத்தில் ஆள் பற்றாக்குறை இருந்தது, கூலி ஏறியது, பெரிய நிலக்காரர் வழி தேடினார். வில்லனாக யாரையும் நிறுத்தத் தேவையில்லை. எனக்கு உறுத்துவது வேறு. நான் முதன்முதலில் தூக்கிப்போன கேள்வித்தாளில், எந்த அமைப்பு என்று இங்கே வேண்டாம், முதல் பக்கத்திலேயே இப்படி இருந்தது: "பயிர் செய்யும் நிலம் உண்டா? இல்லை எனில் நேர்காணலை முடித்துக்கொள்ளவும்." விவசாயத் தொழில்நுட்பம் என்றால் விவசாயியைக் கேள், விவசாயி என்றால் நிலம் உள்ளவர். அந்த ஒரு வரியில் கதிர் அறுத்தவர்களும் நெல் பொறுக்கியவர்களும் உலகத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறார்கள். மீதிப் பத்துப் பக்கம் எவ்வளவு துல்லியமாக இருந்தால் என்ன?

நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். நெல்லுக்கும் எங்களுக்கும் என்ன?

அந்த வரி நம்மைத்தான் தள்ளிவைத்தது. மூன்று தலைமுறை கித்தா என்னும் ரப்பர் மரமும் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனையும் நட்டு வளர்த்தோம். நிலம் எவ்வளவு என்றால் பதில் பூஜ்யம்.

1981-க்கு முன் மலேசியாவில் செம்பனைப் பூவுக்கு நல்ல மகரந்தச் சேர்க்கை கிடைக்கவில்லை. இளம் மரங்களில் ஆட்கள் கையாலேயே மகரந்தப் பொடி தூவினார்கள். என் அம்மா நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் அதைச் செய்தவர். காலைப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் பொடிக் குப்பியோடு முள் மட்டைகளுக்கு நடுவே போவாராம். 1981 பிப்ரவரியில் கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு குட்டி வண்டைத் திறந்துவிட்டார்கள். தாயகத்தில் செம்பனைப் பூவிலேயே வாழும் வண்டு அது. ஓரிரண்டு வருடத்தில் தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது. குலையில் காய் பிடிப்பது நன்றாகக் கூடியது, கையால் தூவும் வேலை நின்றது. வேளாண் அறிவியலின் மலிவான, அழகான வெற்றிகளில் இதுவும் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருந்து இல்லை, இயந்திரம் இல்லை, ஒரு பூச்சி.

'மிச்சமான தொழிலாளர் செலவு' என்று வரவுப் பக்கத்தில் எழுதும் தொகை என் அம்மாவுக்குச் சம்பள நாள். அவருக்கு என்ன ஆனது? தோட்டத்தில் வேறு வேலைக்கு மாற்றினார்கள். மருந்தடிக்கும் வேலை. முதுகில் தொம்பு என்னும் மருந்துத் தொட்டி, கையில் குழாய், களைக்கொல்லி. நல்ல மதிப்பீடு என்றால் இந்த நடையையும் தொடர்ந்து போயிருக்க வேண்டும்: ஒரு வேலை போனால் ஆள் எங்கே போகிறார்?

மருந்துக்கும் அதே கதை. களைக்கொல்லியால் களையெடுக்கும் செலவு எவ்வளவு குறைந்தது என்று அளப்பது சுலபம். அதை அடித்த பெண்ணின் நகமும் மூக்கும் கண்ணும் அந்தக் கணக்கில் இல்லை. 2002-ல் தெனாகனித்தா என்ற பெண்கள், தொழிலாளர் உரிமை அமைப்பும், பினாங்கிலிருந்து இயங்கும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்பும் சேர்ந்து தோட்டத்துப் பெண்களை நேரில் கேட்டு அந்தப் பக்கத்தை எழுதின. அதே வருடம் அரசு பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்குத் தடை அறிவித்தது, 2006-ல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் தடை முழுதாக வந்தது. அம்மாவின் கையுறை பற்றிக் கேட்டிருக்கிறேன். "வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு யார் வேலை செய்வது?" என்றார். கேள்வித்தாளில் 'பாதுகாப்புக் கவசம் வழங்கப்பட்டதா' என்று இருந்தால் பதில் 'ஆம்' என்றுதான் பதிவாகியிருக்கும்.

எத்தனை வருடம் கழித்து அளக்க வேண்டும்?

திட்டத்துக்குக் காசு கொடுப்பவர் மூன்று வருடத்தில் பதில் கேட்பார். மண்ணும் களையும் அந்த நாள்காட்டியைப் பார்ப்பதில்லை.

நடவுக்கு ஆள் கிடைக்காமல் மூடாவில் 1980களில் நேரடி விதைப்பு பரவியது. முதல் சில வருடம் அளந்திருந்தால் செலவு மிச்சம், விளைச்சலும் பாதகமில்லை. பிறகு பாடி ஆங்கின் என்னும் காற்றுநெல் தலைகாட்டியது. நெல் மாதிரியே இருக்கும் களை. காற்றடித்தால் மணி உதிர்ந்து மண்ணில் சேர்ந்துவிடும். நடவு வயலில் வரிசைக்கு வெளியே நிற்பதைப் பார்த்துப் பிடுங்கலாம். விதைப்பு வயலில் எது பயிர், எது களை? அதற்குப் பதிலாக ஒரு களைக்கொல்லியைத் தாங்கும் நெல் ரகத்தை 2010-ல் மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி வெளியிட்டது. முதல் பருவங்களில் அமோகம். அதே மருந்தைத் தாங்கும் காற்றுநெல் பிறகு கிளம்பியது. ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக மூன்று வருடம் அளந்தால் இரண்டு வெற்றி அறிக்கை கிடைக்கும்.

ட்ரோன், செயலி, செயற்கை நுண்ணறிவு?

அதே கேள்விகள்தான். ட்ரோன் மருந்தடித்தால் முதுகில் தொம்பு சுமப்பவர் நஞ்சிலிருந்து தப்புகிறார். அதை நான் மனதார வரவேற்கிறேன். அவருடைய அன்றைய கூலி என்னவாயிற்று என்றும் கேட்பேன். இன்று அவர் தமிழராக இல்லாமல் வங்காளதேசத்துக்காரராகவோ இந்தோனேசியராகவோ இருக்கலாம். கணக்கு மாறாது. செயலியில் எத்தனை பேர் பதிந்தார்கள் என்ற எண்ணை மட்டும் காட்டி யாராவது பெருமைப்பட்டால், போன மாதம் எத்தனை பேர் திறந்தார்கள் என்று கேளுங்கள்.

கேள்வித்தாளில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கலாம் என்றால் எதைச் சேர்ப்பீர்கள்?

"ஐந்து வருடத்துக்கு முன் இந்த வயலில் கூலிக்கு வந்தவர்கள் பெயர் நினைவிருக்கிறதா? இப்போது எங்கே?" என்பதை. நிலக்காரரிடமே கேட்கலாம். பெயரைச் சொல்வார், ஊரைச் சொல்வார், சில சமயம் தொலைபேசி எண்ணும் கிடைக்கும்.

சென்ற பருவம் எங்கள் குழுவில் இதைச் சோதனையாகச் சேர்த்தோம். ஒரு நேர்காணலுக்கு இருபது நிமிடம் கூடுதல், பெட்ரோல் கூடுதல், கணக்காளர் முகம் சுளித்தார். முதல் நாள் ஒரு நெல்காரர் ஐந்து பெயர் சொன்னார். நான்கு பேரைத் தேடிப் பிடித்தோம். ஒருவர் பிறையில் மின்னணுத் தொழிற்சாலை இரவு ஷிப்டில், முன்பைவிட நல்ல சம்பளம். ஒருவர் மகள் வீட்டில் பேரப்பிள்ளை பார்க்கிறார். ஒருவர் அதே அறுவடை இயந்திரத்தை ஓட்டுகிறார். நான்காவது அம்மா எங்களை உட்காரவைத்துக் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "என்னை எதற்கு ஐயா கேட்கிறீர்கள், எனக்குத்தான் நிலம் இல்லையே" என்றார். ஐந்தாமவரை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.